கவுட் வலிக்கு மாத்திரை: கால் விரலைக் காப்பாற்றப் போய் கிட்னியை இழக்கலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஜொகூரைச் சேர்ந்த மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரையும் நேயர்களின் கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்களும்)



விடியற்காலை மூன்று மணி. கால் கட்டை விரலில் யாரோ ஆணியை அடித்தது போல ஒரு வலி. விரல் சிவந்து, வீங்கி, நெருப்பாய்க் கொதிக்கிறது. போர்வை நுனி பட்டால்கூட உயிர் போகிறது. நான்கு மணிக்கெல்லாம் கிளம்பினால்தான் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியும். விடுப்பு எடுத்தால் சம்பளம் போகும். அந்த நேரத்தில் மனிதன் என்ன செய்வான்? அலமாரியில் இருக்கும் ஏதாவது ஒரு வலி மாத்திரையை எடுத்து விழுங்குவான்.

அப்படி விழுங்கிய ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய லாரி ஓட்டுநர். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உண்டு. கவுட் வலி வந்ததும் ஒரு கிளினிக்கில் மாத்திரை வாங்கினார். இரண்டு நாளில் வலி நிற்கவில்லை என்று மருந்தகத்தில் வேறொரு மாத்திரை வாங்கினார். போதாததற்கு, நண்பர் கொடுத்த மூன்றாவது மாத்திரையையும் சேர்த்துக்கொண்டார். விரல் வலி போய்விட்டது. பத்தாம் நாள் இரண்டு கால்களும் வீங்கி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்க ஆரம்பித்தது. மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது சிறுநீரகம் பாதிக்கு மேல் வேலையை நிறுத்தியிருந்தது. மாத்திரைகள் மூன்று, பெயர்கள் மூன்று. ஆனால் மூன்றும் ஒரே குடும்பம். இது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

அந்தக் குடும்பத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

விரலுக்குள் நடப்பது என்ன?

நம் உடலிலும் உணவிலும் உள்ள பியூரின் என்ற பொருள் சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. அதை வெளியேற்றும் பெரும் பொறுப்பு சிறுநீரகத்துடையது. இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 400 மைக்ரோமோலைத் தாண்டினால், மூட்டுகளில் ஊசி போன்ற படிகங்களாகப் படியத் தொடங்கும். ஒரு நாள் அந்தப் படிகங்களை வெள்ளை அணுக்கள் எதிரி என்று நினைத்துத் தாக்கும். அந்தச் சண்டைதான் நாம் உணரும் அழற்சி, வீக்கம், வலி. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி உச்சத்துக்குப் போகும். மருந்தே எடுக்காவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கும். ஆனால் அதுவரை பொறுக்க முடியாது என்பதால்தான் மருந்து.

ஒரே குடும்பம், பல பெயர்கள்

அழற்சியைத் தணிக்கும் இந்த மாத்திரைகளை நாம் கடைப்பெயரால்தான் அறிவோம். போன்ஸ்டான், வோல்டாரென், நியூரோஃபென், சின்ஃப்ளெக்ஸ், அர்கோக்சியா, செலிப்ரெக்ஸ் என்று பெட்டியும் நிறமும் மாறும். உள்ளே இருப்பவை மெஃபெனாமிக் அமிலம், டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப். அத்தனையும் உடன்பிறப்புகள். பாரசிட்டமோல் எனப்படும் பனடோல் மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல.

இவை செய்யும் வேலை ஒன்றுதான். புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உற்பத்தியாவதைத் தடுக்கின்றன. மூட்டில் அது குறைந்தால் வலியும் வீக்கமும் குறையும். நல்லதுதான். ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உள்தோலை அமிலம் அரிக்காமல் காக்கிறது. அதே பொருள்தான் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாயைத் திறந்து வைக்கிறது. மாத்திரைக்கு எது மூட்டு, எது வயிறு, எது சிறுநீரகம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே தடைதான். ஒரு மாத்திரைக்கு இரண்டு, மூன்று என்று சேர்த்தால் மூட்டுக்குக் கிடைக்கும் நன்மை அவ்வளவாகக் கூடாது. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் வரும் கேடு மட்டும் கூடும்.

எப்படிப் பயன்படுத்துவது?

ஆரோக்கியமான சிறுநீரகமும் இதயமும் உள்ளவருக்கு இவை நல்ல மருந்துகளே. பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. முறைதான் முக்கியம்.

முதலாவது, தாமதிக்கக் கூடாது. வலி தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் சொன்ன முழு அளவைத் தொடங்கினால் வலி சீக்கிரம் அடங்கும். அரை மாத்திரை, கால் மாத்திரை என்று பயந்து பயந்து எடுப்பவர்களே கடைசியில் அதிக நாள் விழுங்குகிறார்கள்.

இரண்டாவது, இந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு மருந்து மட்டும். இரண்டாவது கிளினிக்குக்குப் போனால் முதல் கிளினிக் கொடுத்த பையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு எடுங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி உள்ள நாளில் நிறுத்தி வையுங்கள். உடலில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகம் எளிதில் அடிபடும்.

நான்காவது, வலி போன பின் ஓரிரு நாளில் நிறுத்துங்கள். பொதுவாக ஒரு வாரம் போதும். எட்டோரிகாக்சிப் 120 மில்லிகிராம் அளவை எட்டு நாளுக்கு மேல் எடுக்கவே கூடாது. மீந்த மாத்திரையை அடுத்த முறைக்கென்றும், பக்கத்து வீட்டு அண்ணனுக்கென்றும் பத்திரப்படுத்தாதீர்கள்.

யாருக்கு ஆகாது?

சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு, மாரடைப்பு அல்லது பக்கவாதம் வந்தவர்கள், குடற்புண் அல்லது இரத்த வாந்தி கண்டவர்கள், வார்ஃபரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. முதியவர்களுக்கும் கூடுதல் எச்சரிக்கை தேவை.

நம் சமூகத்துக்குக் குறிப்பாக ஒரு சேர்க்கையைச் சொல்ல வேண்டும். பெரிண்டோப்ரில், எனலாப்ரில், லோசார்டன் போன்ற இரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்று. ஃப்ரூசமைட், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரை இரண்டு. மூன்றாவதாக வலி மாத்திரை. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் சிறுநீரகத்தை மூன்று பக்கமும் நெருக்கும். அரசாங்க கிளினிக்கில் முதல் இரண்டையும் மாதாமாதம் வாங்குகிறோம். மூன்றாவதை நாமே வாங்கிச் சேர்த்துக்கொள்கிறோம்.

‘எனக்கு கிட்னி நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்பவர்கள் ஏராளம். 2018இல் நம் நாட்டில் நடத்தப்பட்ட ஆய்வு, வளர்ந்தோரில் ஏறக்குறைய 15.5 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு இருப்பதைக் கண்டது. அவர்களில் இருபதில் ஒருவருக்கே அது தெரிந்திருந்தது. இனிப்பு நீர் இந்தியர்களிடையே அதிகம் என்பது நாம் அறிந்ததே. ஆகவே இனிப்பு நீரோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் வலி மாத்திரைக்கு முன் ‘கிரியாட்டினின் எவ்வளவு?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதயத்தையும் மறக்க வேண்டாம். வயோக்ஸ் என்ற மாத்திரையை மூத்த நேயர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். வயிற்றுக்குப் பாதுகாப்பானது என்று உலகெங்கும் விற்றது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுவது தெரிந்ததும் 2004 செப்டம்பர் 30ஆம் தேதி அதன் உற்பத்தியாளரே திரும்பப் பெற்றுக்கொண்டார். வயிற்றுக்கு நல்லது என்பதால் மட்டும் ஒரு மருந்து முழு உடலுக்கும் நல்லதாகிவிடாது.

மாற்று மருந்து உண்டா?

உண்டு. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2008இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த கவுட் சிகிச்சை வழிகாட்டியிலும் இவை இடம்பெற்றுள்ளன. ஒன்று கொல்சிசின். முன்பெல்லாம் வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை விழுங்கச் சொல்வார்கள். அது பழைய முறை. குறைந்த அளவே அதே பலன் தருவதாக 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இப்போது பொதுவாக முதலில் 1 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.5 மில்லிகிராம் என்று தொடங்குகிறார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு இதையும் குறைக்க வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

தமிழர்களுக்கு இது அந்நிய மருந்தல்ல. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதே கொல்சிசின்தான். அதற்காக யாரும் கிழங்கைத் தேடிப் போக வேண்டாம். கார்த்திகைக் கிழங்கைத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் அளவு ஒன்றே வேலி.

இன்னொன்று பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. சிறுநீரகம் பழுதானவருக்குச் சில நாட்களுக்கு மட்டும் மருத்துவர் கொடுப்பார். இனிப்பு நீர் உள்ளவர்கள் அந்த நாட்களில் சர்க்கரை அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். இவற்றோடு, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஒத்தடமாக வைப்பதும் வலியைக் குறைக்கும். இதற்குப் பக்கவிளைவும் இல்லை, செலவும் இல்லை.

நேயர்களின் கேள்விகள்

கேள்வி: ஊசி போட்டுக்கொண்டால் வயிற்றுக்குக் கெடுதல் இல்லைதானே?

பதில்: இல்லை ஐயா, அது தவறான எண்ணம். ஊசியோ மாத்திரையோ, மருந்து இரத்தத்தில் கலந்துதான் வேலை செய்கிறது. இரைப்பையின் பாதுகாப்பை இரத்தம் வழியாகவே குறைத்துவிடும். கூடவே கொடுக்கும் ஒமெப்ரசோல் வயிற்றைக் காக்கும், சிறுநீரகத்தைக் காக்காது.

கேள்வி: இரவுச் சந்தையில் வாங்கிய மூலிகை மாத்திரையில் ஒரே நாளில் வலி பறந்துவிட்டது. தொடரலாமா?

பதில்: ஒரே நாளில் பறந்தால்தான் அம்மா சந்தேகப்பட வேண்டும். ‘மூலிகை’ என்று விற்கப்பட்ட மூட்டுவலி மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும் கலந்திருப்பதை நம் அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் மயங்கி விழவும் கூடும். எனவே நீங்களாக நிறுத்தாமல், அந்தப் பாட்டிலோடு உடனே மருத்துவரைப் பாருங்கள். எதை வாங்கினாலும் எம்.ஏ.எல். பதிவு எண் உள்ளதா என்று பார்த்து, அதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எண்ணைப் போலியாக அச்சிடுபவர்களும் உண்டு.

கேள்வி: அலோபியூரினால் சாப்பிடுகிறேன். வலி வந்தால் நிறுத்த வேண்டுமா?

பதில்: ஏற்கெனவே ஒழுங்காக எடுப்பவர் நிறுத்த வேண்டாம். வலி மாத்திரை எரியும் தீயை அணைக்கிறது. அலோபியூரினால் விறகையே குறைக்கிறது. அடிக்கடி வலி வருபவர்கள் யூரிக் அமிலத்தை 360 மைக்ரோமோலுக்குக் கீழே வைத்திருந்தால் படிகங்கள் கரையும். பிறகு வலி மாத்திரைக்கே அவசியம் இராது. ஆனால் புதிதாகத் தொடங்கும் முதல் சில மாதங்களில் தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு, காய்ச்சல் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அரிதாக வரும் ஒவ்வாமைதான், ஆனால் உயிரைப் பறிக்கக் கூடியது.

கேள்வி: காய்ச்சலோடு மூட்டு வலித்தால் அதே மாத்திரையை எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். டிங்கியாக இருந்தால் இந்த மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும். பனடோல் மட்டும் எடுத்து இரத்தத்தைச் சோதியுங்கள். ஒரே மூட்டு வீங்கிக் கடுமையான காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். மறுநாள் வரை காத்திராதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

மலம் தார் போல் கறுத்தால், இரத்த வாந்தி வந்தால், சிறுநீர் குறைந்து கால் வீங்கினால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மருந்தகத்துக்கு வருபவர்கள் என்னிடம், ‘தம்பி, நல்லா கேக்குற மருந்தா கொடுங்க’ என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்விகள்தான்: வேறு என்ன நோய் இருக்கிறது? வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? கிட்னி சோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள்? சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அந்த லாரி ஓட்டுநரிடம் இந்த மூன்றையும் யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். இனி யாரும் கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விரல் வலி ஒரு வாரத்தில் போய்விடும். சிறுநீரகம் போனால் வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டியதுதான்.