பாட்டில் டீ ஏன் புளிக்கிறது?

அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஐஸ்ட் டீயில் எலுமிச்சைப் புளிப்பும் சர்க்கரையும் தூக்கலாக இருக்கும். ஜப்பானில் தெருமுனை இயந்திரத்தில் காசு போட்டு எடுக்கும் பச்சைத் தேநீர் பாட்டிலில் இரண்டுமே இராது. இலையின் கசப்பும் துவர்ப்பும்தான். ஊருக்கு ஊர் நாக்கு வேறு என்பார்கள். பாதிக் காரணம் நாக்கில் இல்லை, ஆலையில் இருக்கிறது.

தேநீர் பாட்டிலில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும். அதன் பி.எச். அளவு 4.6க்குக் கீழே இறங்கிவிட்டால் பொட்டுலிசம் நோய்க் கிருமியின் வித்துகள் முளைக்காது. ஏறக்குறைய 85 முதல் 90 டிகிரிச் சூட்டில் ஊற்றி மூடினால் போதும். ஆகவே சிட்ரிக் அமிலம் ருசிக்கு மட்டுமல்ல, காவலுக்கும்தான். அந்தப் புளிப்பை அடக்கச் சர்க்கரை வருகிறது, அதுவும் தூக்கலாக. குளிரில் இனிப்பு நாக்கில் சரியாக உறைக்காது. சுவை மொட்டுகளில் உள்ள டிஆர்பிஎம்5 என்ற அயனி வாயில் சூட்டில் சுறுசுறுப்பாகவும் குளிரில் மந்தமாகவும் இயங்குவதே காரணம் என 2005இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. குளிர்ச்சி போனபின் அதே பாட்டிலைக் குடித்துப் பாருங்கள், திகட்டும்.

ஜப்பானின் இட்டோ என் நிறுவனம் புளிப்பின் துணையில்லாமல் இறங்கியது. 1981இல் தகர டப்பாவில் ஊலாங் தேநீர் வந்தது. பச்சைத் தேநீர்தான் படுத்தியது: ஆக்சிஜன் பட்டால் பழுப்பேறும், கடுஞ்சூட்டில் கிருமி நீக்கினால் வேண்டாத வாடை வரும். டப்பாவின் காற்றை நைட்ரஜனால் வெளியேற்றும் முறையோடு 1985இல்தான் அது விற்பனைக்கு வந்தது. இன்றும் ஜப்பானியப் பாட்டில்களின் லேபிளில் வைட்டமின் சி என்றிருக்கும். அது சத்துக்காக அல்ல, நிறம் மாறாமலிருக்க.

கறுப்புத் தேநீரின் தலைவலி வேறு. ஆறும்போது காஃபினும் தியாஃபிளேவின்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கலங்கிவிடும். நல்ல அழுத்தமான தேநீர்தான் அதிகம் கலங்கும் என்பது வேடிக்கை. அமெரிக்க ஐஸ்ட் டீக்கு அர்ஜென்டினா தேயிலை பெருமளவில் போவது, அது கலங்காமல் தெளிவாக நிற்பதால். நம் நீலகிரி ஆர்தடாக்ஸ் தேயிலைக்கும் அந்தப் பெயர் உண்டு. சில ஆலைகள் டானேஸ் நொதியைச் சேர்த்துக் கலங்கலைக் குறைக்கின்றன. இன்னும் சில, இன்ஸ்டன்ட் டீ பொடியைக் கரைத்தே வேலையை முடித்துவிடுகின்றன. அத்தகைய பொடி மூணாறிலும் தயாராகி ஏற்றுமதியாகிறது. பொடியில் நிறம் வரும், மணம் வராது என்பது என் தீர்ப்பு.

தேநீரின் நன்மைக்காகப் பாட்டிலை வாங்குபவர்களுக்கு ஒரு செய்தி. 2010இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் ஷிமிங் லி என்ற ஆய்வாளர் ஆறு பாட்டில் தேநீர்களில், நன்மை தருவதாகச் சொல்லப்படும் பாலிஃபீனாலின் அளவை வெளியிட்டார். ஏறத்தாழ அரை லிட்டர் பாட்டிலில், அதிகபட்சம் 81 மில்லிகிராம்; கடைசி இரண்டில் 4, 3 மில்லிகிராம். வீட்டில் போடும் ஒரு கோப்பையிலேயே 50 முதல் 150 வரை கிடைக்கும் என்றார் அவர்.

வீட்டிலேயே செய்யலாம். லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் இலைத் தேயிலை போட்டு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த நீரில் காஃபினும் துவர்ப்பான கேட்டகின்களும் குறைவாகவே இறங்கும். இதமான சுவை தரும் தியானின் நன்றாக இறங்கும். சர்க்கரை தேடாது. வெயிலில் வைத்து ஊறவிடாதீர்கள், அந்த வெதுவெதுப்பு கிருமிகளுக்குத்தான் வசதி. டஸ்ட் டீயும் இதற்கு வேண்டாம், வடிகட்டியை அடைத்துவிடும்.