ஒழுகிய சாடியும் ஓடிய மானியும்

வீட்டு வாடகையைக் 'குடிக்கூலி' என்று வழங்குதல் தமிழின் பழைய வழக்கு. குடியிருத்தற்குக் கொடுக்கும் கூலி என்பது அதன் பொருள். வேலை நடந்தாற் கூலி உண்டு, நடவாவிடின் இல்லை. வீட்டுக்கும் இந்நியாயம் பொருந்துமன்றோ? கூலி பெறும் வீடு தன் வேலையைச் செய்தல் வேண்டும்.

முன்னாளில் வீட்டின் வேலை வெயிலையும் மழையையும் தடுத்தல். கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் வேய்ந்து கொடுப்பார். வழக்கு அவ்வளவில் முடியும். இந்நாளில் வீட்டோடு தண்ணீர்ப் பம்பி, குளிர்சாதனப்பெட்டி, சுடுநீர்க் கருவி ஆகியனவும் வாடகைக்கு வருகின்றன. இவற்றின் பழுது கூரைபோல ஒழுகிக் காட்டுவதில்லை. மாத முடிவில் மின்சாரப் பட்டியல் வந்த பின்னரே பலருக்கு அது தெரியவருகிறது. 'மின்சாரத்தைப் பாவித்தவர் நீர்' என்பார் வீட்டுக்காரர். 'பழுதான பொருளைத் தந்தவர் நீர்' என்பார் குடியிருப்பவர்.

அண்மையில் இத்தகைய வழக்கொன்று என்னிடம் வந்தது. வீட்டுக்காரர் கனடாவில் வாழ்பவர். அவருடைய மைத்துனரே இங்குப் பொறுப்பாளர். குடியிருப்பவர் என்னிடம் பயின்ற இளம் ஆசிரியர். வீட்டிலிருந்த குளிர்சாதனப்பெட்டியின் கதவைச் சுற்றியுள்ள இறப்பர்ப் பட்டி வெடித்துக் குளிர் வெளியேறிக்கொண்டிருந்தது. அதனால் இயந்திரம் ஓயாது ஓடியது. 150 வாற்று இழுக்கும் இயந்திரம் நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால் 1.2 அலகு செலவாகும். 24 மணி நேரமும் ஓடினால் 3.6 அலகு. மிகை 2.4 அலகு; 30 நாளில் 72 அலகு. வீட்டுப் பாவனைக்குரிய கட்டணமோ படிமுறையானது; அலகு கூடக்கூட ஓரலகின் விலையும் ஏறும். எனவே வீணாகும் அலகுகள் யாவும் விலை கூடிய மேற்படியிலேயே சேர்கின்றன. மூன்று மாதம் இவ்வாறு கழிந்தது. மிகைப் பணத்தை ஆசிரியர் கேட்க, முற்பணத்திலும் கழிப்போம் என்றார் மைத்துனர்.

"பெட்டி பழுதென்பது அத்தானுக்கும் தெரியாது, பண்டிதர் ஐயா. தெரியாத குற்றத்துக்குத் தண்டம் உண்டோ?" என்று அவர் வினவினார். நல்ல வினா, மிகப் பழைய வினாவுங்கூட. நமது நாட்டின் பொதுச்சட்டத்துக்கு அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் இங்குக் கொணர்ந்த அச்சட்டத்தை ஆங்கிலேயர் 1799இல் ஒரு பிரகடனத்தால் நிலைபெறச் செய்தனர். அதன் வேர்களுள் ஒன்று, ஜஸ்டினியன் பேரரசன் 533இல் வெளியிட்ட சட்டத் திரட்டு. அதிலே உல்பியன் என்னும் அறிஞர் இவ்வினாவை ஆராய்கின்றார். ஒருவன் பழுதுண்டென அறியாமலே சாடிகளை வாடகைக்குக் கொடுக்கிறான். அவை ஒழுகி, வார்த்த மது பாழாகிறது. கொடுத்தவன் நட்டத்தை ஈடுசெய்தல் வேண்டும். அறியாமை அவனைக் காவாது. மேய்ச்சல் நிலத்தைக் கொடுத்தவன் நிலை வேறு. அங்கு நச்சுப்பூண்டு முளைத்து மந்தை மடிந்தால், அறிந்திருந்தவன் நட்டம் முழுவதையும் ஈடுசெய்வான். அறியாதவன் வாடகையை மாத்திரம் இழப்பான். ஏன் இவ்வேறுபாடு? நிலத்தில் முளைப்பதையெல்லாம் அறிதல் அரிது. சாடியையோ தட்டிப் பார்த்துக் கொடுக்கலாம் என்று யான் பொருள்கொள்கின்றேன்.

குளிர்சாதனப்பெட்டி நம் காலத்துச் சாடி. ஆதலின் முதல் மாதத்து மிகை வீட்டுக்காரருக்கே உரியது என்றேன். மூன்றாம் மாதத்திலே ஆசிரியர் பழுதை அறிவித்தும் திருத்துவிக்கவில்லை. அதுவும் அவருக்கே உரியது. இரண்டாம் மாதத்தில் ஆசிரியர் பழுதை அறிந்திருந்தும் வாய் திறந்திலர். அறிந்து பேசாதிருந்தவர் அம்மாத மிகையைத் தாமே பொறுத்தல் வேண்டும்.

"ஏன் சொல்லவில்லை, தம்பி?" என்றேன். "குறை சொன்னால் வீட்டை விடச் சொல்வார்கள் என்று பயந்தேன், ஐயா. பிள்ளையின் பள்ளிக்கூடம் பக்கத்தில்" என்றார். மைத்துனர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அந்த மாதத்தில் பாதியை நாங்கள் பொறுக்கிறோம்" என்றார். நான் அதைக் கேட்டிலேன், அவராகவே சொன்னார்.

வாடகை வழக்குகள் பலவற்றின் அடியில் இவ்வச்சமே கிடக்கின்றது. வீடு கிடைத்தல் அரிதான இடத்தில் குடியிருப்பவர் குறையை விழுங்குகிறார், குறை செலவாகிறது, செலவு பகையாகிறது. இதைத் தவிர்க்கும் வழி எளிது. புகும் நாளிலேயே கருவிகளை இருவரும் இயக்கிப் பார்த்து, அவற்றின் நிலையையும் மின்மானியின் எண்ணையும் எழுதிக் கையொப்பமிடுக. பழுது கண்ட அன்றே எழுத்தில் அறிவிக்குக. அறிவித்தற்காக வெளியேற்றப்படார் என்பதையும் அத்தாளிலே சேர்க்குக. பிணக்கு மூளின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் உள்ளன. இருபக்கமும் இருந்து பேசித் தீர்ப்பதே அவற்றின் முறை.

அந்தப் பெட்டிக்குப் புதிய பட்டி போட்டாயிற்று. ஆசிரியர் அவ்வீட்டிலேயே இருக்கின்றார்.