தறியில் ஏறிய கதைகள்

துணிக்கு உருவம் வரைபவருக்குச் சிறுவயதுக் கதைகள் இரண்டு வழிகளில் கைகொடுக்கின்றன. கதையில் வரும் பொருள்கள் ஒரு வழி: பேசும் கிளி, காட்டுக்குள் ஒளிந்த வீடு, பழம் திருடும் பறவை. அந்த வயதில் மனம் அவற்றைப் பார்த்த விதம் இன்னொரு வழி. குழந்தையின் மனத்தில் கிளி மரத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆற்றுக்குள் இருக்கும் மீன் கரையில் நிற்பவருக்கு முழுதாகத் தெரியலாம். தொலைவில் இருப்பது சிறிதாகத்தான் தெரிய வேண்டும் என்ற சட்டம் அங்கே செல்லாது. பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்ட துணிகள் பெரும்பாலும் சீக்கிரம் பழசாகிப் போயின. பார்வையையும் சேர்த்து எடுத்துக்கொண்டவையே நூறாண்டு கடந்தும் அச்சாகின்றன, நெய்யப்படுகின்றன. இதற்குத் துணியின் இயல்பும் ஒரு காரணம். துணி தட்டையானது, மடியும், சுருங்கும், உடம்பைச் சுற்றி வளையும். ஆழமும் நிழலும் காட்டி வரைந்த ஓவியம் ஒரே மடிப்பில் குலைந்துவிடும். தட்டையாக, தெளிவான விளிம்போடு, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் உருவங்கள் குலைவதில்லை. குழந்தைகள் வரைவதும் அப்படித்தான்.

இங்கிலாந்தின் வில்லியம் மாரிஸ் இதற்கு நன்கு அறியப்பட்ட முன்னோடி. 1834-இல் லண்டனை அடுத்த வால்தம்ஸ்டோவில் பிறந்தவர். ஆறு வயதாகும்போது குடும்பம் எப்பிங் காட்டின் ஓரத்திலிருந்த பெரிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிக்குப் போகும் முன்பே வால்டர் ஸ்காட்டின் வீரசாகச நாவல்களைப் படிக்கத் தொடங்கிவிட்ட சிறுவன் அவர். பொம்மைக் கவசம் அணிந்து, மட்டக்குதிரை ஏறிக் காட்டுக்குள் சுற்றியதாக அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தக் காட்டில் எலிசபெத் அரசியின் பெயரால் வழங்கும் பழைய வேட்டை மாளிகை ஒன்று உண்டு. அங்கே ஓர் அறை முழுக்க மங்கிய பச்சை இலைகள் நெய்த திரைச்சீலைகள் தொங்கியதையும், அது தந்த பழங்காலச் சாகசக் கதை போன்ற உணர்வையும் 1882-ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் அவர் நினைவுகூர்ந்தார்.

மறுஆண்டு வெளிவந்ததுதான் ‘ஸ்ட்ராபெரி தீஃப்’ என்ற அச்சுத்துணி. மாரிஸின் கிராமத்து வீடான கெல்ம்ஸ்காட்டின் தோட்டத்தில் வலைக்கு அடியில் புகுந்து பழத்தைக் கொத்திக்கொண்டு போன பாடும்பறவைகளே அதன் கரு. ஆனால் துணியில் தோட்டமோ வலையோ கிடையாது. அலகில் பழத்தோடு ஒரு ஜோடி, பாடுவதற்கு வாய் திறந்த இன்னொரு ஜோடி, இரண்டையும் சுற்றி நெருக்கமாக இலையும் பூவும். துணி முழுவதையும் அவுரி நீலத்தில் முக்கியெடுத்து, உருவம் வர வேண்டிய இடங்களில் மரக்கட்டை அச்சால் வெளுப்புக் கலவையைப் பதித்து நீலத்தை நீக்கி, பிறகு அந்த இடங்களில் சிவப்பும் மஞ்சளும் ஏற்றினார்கள். நாள்கணக்கில் நீளும் வேலை, விலையும் அதிகம். இருந்தும் மாரிஸின் துணிகளில் மிக விரும்பி வாங்கப்பட்டவற்றில் ஒன்றாயிற்று. திருட்டு என்ற ஒரே நொடியைத் துணி முழுக்கத் திரும்பத் திரும்ப நிறுத்திவைத்ததில் கதை நின்றுபோகிறது, அதன் குறும்பு மட்டும் மிஞ்சுகிறது. ஸ்காட்டின் ஒரு வீரனையும் மாரிஸ் துணியில் அச்சடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் எடுத்துக்கொண்டது அந்த வீரர்கள் மறைந்து நின்ற இலைச்செறிவை.

மாரிஸ் தன் சிறுவயதைத் தானே கிளறிப் பார்த்தார். பாரிசின் உடை வடிவமைப்பாளர் போல் புவாரே வேறு வழியில் போனார்: நேரே சிறுமிகளிடமே கேட்டுவிடுவது. வியன்னாவின் வீனர் வெர்க்ஷ்டேட்டே கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அங்கிருந்த ஒழுங்கு பிடித்தது. பயிற்சி என்ற பெயரில் மாணவர் கையைக் கட்டிப்போடும் கண்டிப்பு பிடிக்கவில்லை. 1911-இல் தன் மகள் மார்த்தினின் பெயரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். வசதியில்லாத வீடுகளிலிருந்து வந்த பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிகள் சேர்ந்தார்கள். முதலில் ஓர் ஆசிரியை இருந்தார். பிள்ளைகளைத் திருத்துவதில் அவர் காட்டிய ஆர்வமே புவாரேக்கு இடைஞ்சலாகத் தோன்றியதால் அவருக்கு வேலை போயிற்று. பிறகு பாடமே கிடையாது. சிறுமிகளை உயிரியல் பூங்காவுக்கும் தோட்டங்களுக்கும் வயல்வெளிக்கும் அழைத்துப்போய் இஷ்டம்போல் வரையவிட்டார்கள். தேர்வான படத்துக்குப் பரிசுப்பணம் உண்டு. அவை சீலைகளாகவும் சுவர்த்தாள்களாகவும் தரைவிரிப்புகளாகவும் மாறி ‘மார்த்தின்’ கடையில் விற்பனைக்கு வந்தன. தட்டையான, அளவுக்கு மீறிப் பெருத்த பூக்களும் கூசும் வண்ணங்களும் அந்தக் கடையின் அடையாளம். அதே ஆண்டு ஜூனில் ‘ஆயிரத்திரண்டாம் இரவு’ என்று பெயரிட்டு அரபுக் கதைகளைப் போல் வேடமிட்ட விருந்தொன்றையும் புவாரே நடத்தினார். கதைக்கும் வியாபாரத்துக்கும் நடுவே அவருக்குச் சுவர் இருந்ததில்லை. ஓவியர் ராவுல் டூஃபியும் அந்த ஆண்டே அவருக்காகத் துணி அச்சடிக்கத் தொடங்கினார். அப்போது டூஃபி, கவிஞர் அப்போலினேரின் விலங்குக் கவிதை நூலுக்கு மரச்செதுக்குப் படங்கள் செய்திருந்தார். அந்தப் படங்களின் கனத்த கறுப்புக் கோடுதான் பிறகு அவருடைய பட்டுத்துணிகளிலும் தொடர்ந்தது. சிறுமிகளின் பங்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். துணியில் நின்ற பெயர் முதலாளியின் மகளுடையது. வரைந்த பிள்ளைகளின் பெயர்கள் அல்ல.

பிள்ளைகளையே படைக்கவிடும் இந்த வழியை மிக நீண்ட காலம், மிக நேர்மையாகத் தொடர்ந்த இடம் எகிப்தில் இருக்கிறது. கீசா பிரமிடுகளுக்குத் தெற்கே, சக்காரா போகும் சாலையில் உள்ள ஹர்ரானியா கிராமம் அது. ராம்சஸ் விஸ்ஸா வாசெஃப் என்ற கட்டடக் கலைஞர் (1911–1974) 1940-களில் பழைய கெய்ரோவில் தான் கட்டிய ஒரு தொடக்கப்பள்ளியில், வகுப்பு முடிந்தபின் பிள்ளைகளுக்கு நெசவு கற்றுக்கொடுத்துப் பார்த்தார். அவர் மனைவி சோஃபியின் தந்தை ஹபீப் ஜோர்ஜி, கிராமத்துப் பிள்ளைகளிடம் களிமண்ணைக் கொடுத்து, எதுவும் சொல்லிக்கொடுக்காமல் சிற்பம் செய்யவிட்ட கலைக்கல்வியாளர். எல்லாக் குழந்தைக்கும் படைக்கும் திறன் உண்டு, பெரியவர்களும் பள்ளிகளும்தான் அதை அணைத்துவிடுகிறார்கள் என்பது இருவருடைய நம்பிக்கை. 1951-ஐ ஒட்டி ஹர்ரானியாவில் நிலம் வாங்கி, மண்கல்லால் குவிமாடங்களும் வளைவுக் கூரைகளும் எழுப்பி, தறிகளைப் போட்டார் விஸ்ஸா வாசெஃப். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுப் பிள்ளைகள் எட்டு, பத்து வயதில் வந்து உட்கார்ந்தார்கள். நெய்ததற்குக் கூலி கிடைத்தது.

அங்கே விதிகள் மூன்று. மாதிரி வரைபடம் வைத்து நெய்யக் கூடாது. புத்தகம், ஓவியம், அருங்காட்சியகம் என்று வெளியிலிருந்து எதையும் பார்த்துச் செய்யக் கூடாது. நெய்வதைப் பெரியவர்கள் குறை சொல்லவோ திருத்தவோ கூடாது. முதல் விதிதான் கடினமானது. ஐரோப்பாவின் பெரிய திரைச்சீலைக் கூடங்களில் ஓவியர் வரைந்த முழு அளவுப் படத்தை வைத்துக்கொண்டே நெசவாளர் வேலை செய்வார். ஹர்ரானியாவில் தறிக்குப் பின்னால் எதுவும் இல்லை. பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறதோ அது அடியிலிருந்து மேலாக, ஊடை ஊடையாக ஏறும். நெய்த பகுதி உருளையில் சுருண்டு போய்விடுவதால், முந்திய வாரம் நெய்த மரத்தின் அடி எப்படி இருந்தது என்று திரும்பிப் பார்க்கவும் வழி குறைவு. தறியிலிருந்து அறுத்து விரிக்கும் நாளில்தான் நெய்தவரே தன் படத்தை முழுதாகப் பார்ப்பார்.

இந்தக் கட்டுப்பாடு கற்பனையை முடக்குவதற்குப் பதிலாக அதற்கு உருவம் கொடுத்தது. திரைச்சீலை நெசவில் ஊடை நூல் அகலம் முழுக்க ஓடாது. ஒவ்வொரு நிறமும் தன் எல்லைக்குள் போய்த் திரும்பி, பாவு நூலை முழுக்க மூடிவிடும். இரண்டு நிறங்கள் நேர்செங்குத்தாகச் சந்தித்தால் நடுவே கீறல் விழுந்துவிடும். ஆகவே எல்லையைப் படிப்படியாகச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். ஈச்சமரத்தின் தண்டு வளைகிறது, படகின் பாய் படிக்கட்டு மாதிரி ஏறுகிறது, பறவையின் இறக்கை கிளையோடு கோத்துக்கொள்கிறது. நெய்ததை அழிப்பது எளிதல்ல. தவறாக வந்த வளைவைப் பிரிப்பதைவிட அதிலிருந்தே ஒரு கொக்கையோ ஆட்டையோ பிறப்பித்துவிடுவது எளிது. தறியில் ஏறியவை அவர்கள் பார்த்த வயல், வாய்க்கால், கல்யாணம், சந்தை, வாத்துக்கூட்டம். கேட்ட கதைகளில் நோவாவின் கப்பல் போன்றவை. கப்பல் கதை நெசவுக்குப் பொருந்திப்போவதில் வியப்பில்லை. முன்னது பின்னது பாராமல் விலங்குகளை அடுக்கிக்கொண்டே போகலாம்; தறியும் அடுக்கிக்கொண்டே போகும் கருவிதான்.

சாயத்துக்கான அவுரி, மஞ்சிட்டி போன்ற செடிகளையும் அந்தத் தோட்டத்திலேயே வளர்த்தார்கள். பிள்ளைகளுக்கு ஓவியம் காட்ட மறுத்தவர்கள் அவர்களைக் கடற்கரைக்கும் பாலைவனத்துக்கும் அழைத்துப்போகத் தயங்கவில்லை. பார்த்ததை அங்கேயே வரையச் சொல்லவில்லை. அது மனத்தில் ஊறித் தானாக ஒருநாள் தறியில் வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1950-களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பிய நகரங்களில் கண்காட்சிகள் நடந்தன. கட்டடத்துக்காக 1983-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. நிறுவனருக்குப் பின் அவர் மகள்கள் சூசன், யோஅன்னா இருவரும் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளைச் சேர்த்து வேலையைத் தொடர்ந்தார்கள். முதல் தலைமுறையினரில் பலர் கிழவர்களான பின்பும் அதே தறியில், படமில்லாமலே நெய்தார்கள். சிறுவயதில் வந்த கற்பனை வளர்ந்ததும் வற்றிவிடும் என்ற பொதுக்கருத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு கிடைப்பது அரிது. சக்காரா சாலையோரக் கடைகளில் இந்தச் சீலைகளின் போலிகள் ஏராளமாக விற்கின்றன; அதே ஈச்சமரம், அதே வாத்து, ஆனால் வரைபடத்தைப் பார்த்து நெய்தவை.

குழந்தைகள் அறைக்கென்று அச்சாகும் கதைத்துணிகளின் நிலை வேறு. கதைப்புத்தகத்தின் படத்தை அப்படியே துணிக்கு மாற்றும்போது முதல் சிக்கல் திசை. எல்லா உருவமும் தலைமேலாக நின்றால் துணியை ஒரே பக்கமாக வைத்துத்தான் வெட்ட முடியும், சேதாரம் கூடும். அதனால் ஆலைகள் உருவங்களை நான்கு திசையிலும் இறைத்துவிட விரும்புகின்றன. கதாநாயகன் தலைகீழாகத் தொங்கினால் கதை என்னாவது? இரண்டாவது சிக்கல் மறுபடிவம். சுழல்திரை அச்சில் உருளையின் சுற்றளவு பொதுவாக 64 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்குள் உருவம் முடிந்து மீண்டும் தொடங்க வேண்டும். கதைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அச்சுத்துணிக்கு இரண்டும் கிடையாது.

ஆங்கில வடிவமைப்பாளர் சி. எஃப். ஏ. வோய்சி இந்த முரணை நன்றாகப் புரிந்துகொண்டவர். 1920-ஐ ஒட்டி ‘ஆலிஸின் அற்புத உலகம்’ கதையின் பாத்திரங்களை வைத்து ஒரு துணி வடிவமைத்த அவர், 1929-இல் எடுத்துக்கொண்டது ‘ஜாக் கட்டிய வீடு’ என்ற சங்கிலிப் பாட்டு. வீடு, அதில் தானியம், தானியத்தைத் தின்ற எலி, எலியைக் கொன்ற பூனை என்று ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும் கதை அது. ஒவ்வொரு கண்ணியும் தனிப்படமாக நிற்கும். எங்கே தொடங்கினாலும் அடுத்தது தொடரும். தன் பெயரை மறந்த ஈ, கன்றையும் பசுவையும் மேய்ப்பவனையும் அவன் கைக்கோலையும் கேட்டுக்கொண்டே போகும் தமிழ்க் கதையும் இதே அமைப்புத்தான். அச்சுத்துணிக்குக் கதை தேடுபவர் ராஜா ராணிக் கதைகளைவிட இத்தகைய சங்கிலிகளிடம் போவது நல்லது.

முழுக் கதையையும் சொல்லியே தீருவோம் என்று நிற்கும் துணிகளும் உண்டு. அவை உடுப்பதற்கல்ல, தொங்கவிடுவதற்கு. காளஹஸ்திக் கலம்காரிச் சீலைகளில் இராமாயணம் வரிசை வரிசையாகக் கட்டம் பிரித்து, எழுத்தோடு ஓடுகிறது. தஞ்சை மாவட்டத்தின் சிக்கல்நாயக்கன்பேட்டையில் தொடரும் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேரில் தொங்கும் தொம்பைகளுக்கும் கோயில் விதானங்களுக்கும் எழுதப்படுவது அது. கடுக்காய்ச் சாற்றில் நனைத்த துணியில், இரும்புத்துரு நீரால் கறுப்புக்கோடு இழுத்து, படிகாரத்தால் சிவப்பை நிலைக்கச் செய்யும் பழைய முறையின் கிளைகளே இவை. படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும் கதையைக் கண்ணில் காட்டிய துணிகள் இவை.

காஞ்சிபுரத்துப் பட்டில் கதை வேறு விதமாகத் தங்கியிருக்கிறது. யாளி, அன்னம், இருதலைப்பட்சி, மயில், மானும் சிங்கமும் சேர்ந்து ஓடும் வனசிங்காரக் கரை என்று கதைகளின் மிருகங்கள் எல்லாம் உண்டு, கதை இல்லை. தறி எதை அனுமதித்ததோ அதுவே நின்றது. ஜக்கார்டு என்ற கருவி பூட்டிய தறியில் உருவத்தை முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக எழுத வேண்டும். கட்டத்துக்குத் தக்கபடி அட்டையில் துளை. துளைக்குத் தக்கபடி பாவு நூலைத் தூக்கும் கொக்கி. 240 கொக்கிகள் என்றால் உருவத்தின் அகலம் 240 கட்டம்தான். வளைவெல்லாம் படிக்கட்டாகத்தான் வரும். சரிகை கனமாக இருந்தால் நுணுக்கம் இன்னும் குறையும். நடுக்கோட்டின் இருபுறமும் ஒத்திருக்கும் உருவமானால், தறியின் கயிற்றுக்கட்டை அதற்கேற்ப அமைத்து, பாதியை மட்டும் எழுதி மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக்கொள்ளலாம். இருதலைப்பட்சி இதற்கென்றே பிறந்தது போன்ற பறவை. இப்போது கிராஃபைக் கணினியில் எழுதுகிறார்கள். மின்னணு ஜக்கார்டு பூட்டிய தறிகளில் அட்டையும் இல்லை, எழுத்துரு முதல் புகைப்படம் வரை எதையும் ஏற்றலாம். முந்தியில் முழுக் காட்சிகளையும் முகங்களையும் நெய்த சேலைகள் அதன் பிறகுதான் பெருகின.