சுவரில் படம் மாட்டுவதற்கு முன்: சட்ட அளவு முதல் மழைக்கால ஈரம் வரை

மும்பை: மும்பை மாநகராட்சி எல்லையின் வடகிழக்கு முனையில், தாணேவை ஒட்டி அமைந்துள்ள முலுண்டில், பழைய கட்டடங்கள் இருந்த இடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்து வருகின்றன. புதிய வீட்டுக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள் மறவாமல் எடுத்துச் செல்பவை சுவாமி படங்களும் முன்னோரின் புகைப்படங்களும். இவற்றுள் பலவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. பொருந்தாத சட்டமும் ஈரச் சுவரும் அவற்றைச் சில ஆண்டுகளிலேயே பாழாக்கிவிடக்கூடும்.

அச்சிட்ட படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் வழக்கத்தில் மும்பைக்கும் பங்கு உண்டு. ஓவியர் ராஜா ரவிவர்மாவின் அச்சகம் 1894-இல் இந்நகரில் தொடங்கப்பட்டு, 1899-இல் லோணாவளா அருகேயுள்ள மளவலிக்கு மாறியது. பின்னாளில் கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் வீடுகளை அடைந்தன.

அளவைத் தேர்தல்

கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டங்கள் பெரும்பாலும் அங்குலக் கணக்கில் அமைந்தவை: 8×10, 12×16, 12×18, 16×20, 18×24, 24×36. சட்டத்தின் அளவு என்பது அதனுள் அடங்கும் படத்தின் அளவே. வெளிப்புற அளவு இதைவிடப் பெரிது.

ஏ4, ஏ3 தாள்கள் மில்லிமீட்டர் கணக்கில் அமைந்தவை என்பதால் இவற்றுடன் நேராகப் பொருந்துவதில்லை. ஏ3 தாள் ஏறத்தாழ 11.7×16.5 அங்குலம். அதை 12×18 சட்டத்தில் வைத்தால் நீளவாக்கில் ஒன்றரை அங்குலம் வெற்றிடம் தெரியும். 16×20 சட்டத்தில் மவுண்ட் அட்டையுடன் வைத்தால் நாற்புறமும் சுமார் 2 அங்குல ஓரம் கிடைக்கும். ஏ4 தாளுக்கு 12×16 சட்டம் இதே வகையில் பொருந்தும்.

சட்டத்துக்கு ஏற்பப் பழைய படத்தை வெட்டுவது கூடாது. அச்சகத்தின் பெயர், புகைப்பட நிலையத்தின் முத்திரை, எழுதிய தேதி ஆகியவை பெரும்பாலும் ஓரத்திலேயே இருக்கும். வெட்டியபின் அவற்றை மீட்க இயலாது.

உயரமும் எடையும்

நின்று பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு இணையாக, படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் அமைவது பொதுவான அளவு. 24 அங்குல உயரப் படத்தின் கம்பி, இழுத்த நிலையில் மேல்விளிம்புக்கு 3 அங்குலம் கீழே நின்றால், ஆணி 66 அங்குலத்தில் அமைய வேண்டும்: 57 உடன் படத்தின் பாதி உயரமான 12-ஐக் கூட்டி, 3-ஐக் கழித்தால் இந்த அளவு கிடைக்கும். அகலமான படங்களுக்கு இரண்டு கொக்கிகள் இட்டு ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தால் படம் சாயாது.

24×36 அளவில் 2 மி.மீ. கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 2.8 கிலோ எடை கொண்டது. அக்ரிலிக் தகடு இதில் பாதி எடைதான். ஆனால் எளிதில் கீறல் விழும். கட்டிலுக்கு மேலே மாட்டும் படங்களுக்கு அக்ரிலிக் பாதுகாப்பானது.

கான்கிரீட் சுவரில் வெறும் ஆணி இறங்காது. துளையிட்டு பிளாஸ்டிக் பிளக் பொருத்தித் திருகாணி இட வேண்டும். பழைய சுவரில் ஆணி வெறும் பூச்சில் மட்டும் நின்றால் எடை தாங்காது. சுவிட்ச் பலகைக்கு நேர் மேலும் கீழும் மின்கம்பி செல்லக்கூடும் என்பதால் அங்குத் துளையிடுவதைத் தவிர்க்க வேண்டும்.

மழைக்காலப் பாதுகாப்பு

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் வெளிச்சுவர்களில் ஈரம் கசிவது வழக்கம். ஆதலால் உட்சுவர்களே படங்களுக்கு ஏற்றவை. சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் சிறு ரப்பர் வில்லைகளை ஒட்டினால், இடையே காற்று உலவும். புகைப்படம் கண்ணாடியைத் தொட்டிருந்தால் ஈரத்தில் அதனுடன் ஒட்டிக்கொள்ளும். இதைத் தடுப்பதே மவுண்ட் அட்டையின் முதன்மைப் பயன். அந்த அட்டை அமிலமற்றதாக இருப்பின் தாள் விரைவில் பழுப்பேறாது.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட புகைப்படத்தைப் பிய்த்து எடுக்க முயன்றால் உருவமே உரிந்து போகலாம். கண்ணாடியுடனேயே அதைப் படியெடுத்து, படியைச் சுவரில் மாட்டி, மூலத்தை உலர்ந்த இடத்தில் வைப்பதே தக்கது. நேர்வெயில் படும் சுவருக்கும் இதே வழி பொருந்தும்: வெளிறிய படியை மீண்டும் அச்சிடலாம், மூலத்தை அவ்வாறு பெற இயலாது.