ஆற்று நீர் வீணாகிறதா?



மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்தால், “இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலில் கலக்கிறதே!” என்று பெரியவர்கள் வருத்தப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். நானும் ஒருநாள் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். கடைசி பெஞ்சில் இருந்த மீனவர் வீட்டுப் பையன் எழுந்து, “சார், ஆற்றுத் தண்ணீர் வந்தால்தானே எங்களுக்கு இறால் கிடைக்கும்?” என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால், அவன் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது!

ஆறு கடலோடு சேரும் இடத்தை முகத்துவாரம் என்கிறோம். கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு வங்கக் கடலில் கலக்கிறது. அங்கே தினமும் இரண்டு முறை கடல் நீர் ஆற்றுக்குள் ஏறி வரும். இரண்டு முறை வடியும். கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதனால் அது கனமானது. அடியில் புகுந்து வரும். லேசான ஆற்று நீர் மேலே மிதந்து போகும். இரண்டும் மெல்லக் கலந்து உவர்நீர் ஆகும்.

இந்த உவர்நீர்தான் இறால் குஞ்சுகளின் பாலர் பள்ளி! தாய் இறால் கடலில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் அலையோடு முகத்துவாரத்துக்குள் வரும். ஆறு கொண்டுவரும் வண்டலால் அங்கே இரை ஏராளம். பெரிய மீன்களிடமிருந்து ஒளிந்துகொள்ள மரவேர்களும் உண்டு. சில மாதங்கள் வளர்ந்தபின் இறால்கள் கடலுக்குத் திரும்பிவிடும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் உள்ள பிச்சாவரம் காட்டில் சுரபுன்னை, தில்லை போன்ற மரங்கள் அடர்ந்திருக்கின்றன. சிதம்பரத்துக்குத் ‘தில்லை’ என்ற பெயர் இந்தத் தில்லை மரத்தால்தான் வந்தது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த சிற்றூர்களில் பாதிப்பு குறைவாக இருந்தது.

ஆற்று நீர் வராமல் போனால் என்ன ஆகும்? அலை தள்ளும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். குஞ்சுகள் உள்ளே வர வழியிருக்காது. உப்பு மிகுந்து மரங்களும் பட்டுப்போகும்.

ஏரி, குளங்களை நிரப்ப வேண்டியதுதான். வயலுக்கும் நீர் வேண்டும். ஆனால், கடலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறக்கக் கூடாது. அன்று அந்த மாணவனிடம் நான் பாடம் கற்றேன்!

செய்து பாருங்கள்: கண்ணாடி டம்ளரில் பாதியளவு உப்பு நீர் எடுத்து, இரண்டு சொட்டு மை விடுங்கள். ஒரு கரண்டியை நீரின் மேல் பிடித்து, அதன்மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மை நீர் கீழேயே தங்கும். முகத்துவாரம் இப்போது உங்கள் டம்ளரில்!