மூன்று மானிட்டருக்கு எத்தனை வாட்?

கிராபிக்ஸ் கார்டின் நடுவில் இருக்கும் சிப் ஏறத்தாழ 1 வோல்ட்டில்தான் வேலை செய்கிறது. சுவர் பிளக்கில் வருவதோ 230 வோல்ட். 1 வோல்ட்டில் 250 வாட் வேண்டுமென்றால் 250 ஆம்பியர் கரண்டு ஓடியாக வேண்டும். ஓசூர் சிப்காட் பட்டறை ஒன்றில் 3.15 மி.மீ. ராடு பிடித்து வெல்டிங் அடிப்பவர் தன் மெஷினை 100 ஆம்பியரை ஒட்டித்தான் வைத்திருப்பார். அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான கரண்டு, பொறி பறக்காமல், சத்தமில்லாமல், பக்கத்துக்கு இரண்டு செ.மீ.கூட இல்லாத ஒரு சிலிக்கான் துண்டுக்குள் போய்வருகிறது. நொடிக்கு நொடி ஒரே சீராகவும் போவதில்லை. திரையில் வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது ஏறுகிறது, மெனு வந்ததும் விழுகிறது, அடுத்த கணமே மறுபடி ஏறுகிறது.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி நாற்பது கிலோமீட்டர் போனால் பெங்களூரு எஸ்.பி. ரோடு. கார்டும் கேபினட்டும் வாங்க இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் அதுதான் பக்கம். சென்னை ரிச்சி தெரு தூரம். கடையில், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பற்றி முதலில் கேட்கும் கேள்வி, “இந்தக் கார்டுக்கு எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ் போடணும்ணா?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அது பாதிக் கேள்வி. மூன்று மானிட்டர் வைத்து விளையாடும் கணினியில் கோளாறுகள் பெரும்பாலும் சராசரி வாட்டினால் வருவதில்லை. ஆயிரத்தில் ஒரு நொடிக்குள், சில சமயம் அதிலும் பத்தில் ஒரு பங்குக்குள் நடப்பவற்றால் வருகின்றன. கார்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் தேர்ந்தெடுக்க அந்தச் சின்னஞ்சிறு நேரத்துக்குள் எட்டிப் பார்த்தாக வேண்டும்.

மூன்று மானிட்டர் எதற்கு? மனிதக் கண்களின் கிடைமட்டப் பார்வை 180 பாகைக்கும் கூடுதல். 27 அங்குல மானிட்டரை 60 செ.மீ. தள்ளி வைத்துப் பார்த்தால் அதில் 53 பாகைதான் நிரம்பும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்றைச் சாய்த்து வைத்தால் ஏறத்தாழ 160 பாகை வந்துவிடும். பைக்கும் லாரியும் செய்கிற ஓசூரில் பந்தய விளையாட்டுக்கு ரசிகர்கள் இருப்பது இயல்பு. பக்கத்தில் முந்தி வருகிற வண்டியைத் தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இங்கே கணிதம் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. முப்பரிமாணக் காட்சியைத் தட்டையான ஒரே பரப்பில் வரைந்தால், நடுவிலிருந்து விலக விலகப் படம் இழுபடும். 60 பாகை விலகிய இடத்தில் ஒரு பொருள் அகலத்தில் நான்கு மடங்கும் உயரத்தில் இரண்டு மடங்கும் பெருகிவிடும். ஓரத்து மானிட்டரில் கார்கள் ரப்பர் போல நீண்டு தெரிவது இதனால்தான். கார்டின் மேல் பழி இல்லை. தீர்வு, ஒவ்வொரு மானிட்டருக்கும் அதன் சாய்வுக்கேற்பத் தனிப் பார்வைக் கோணம் கணக்கிடுவது. அப்படிச் செய்தால் ஒரே காட்சியை மூன்று முறை வரைய வேண்டும், சுமை ஏறும். 2016-இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1080 தலைமுறைதான், வடிவங்களை ஒரே முறை கணக்கிட்டு, பல கோணங்களுக்கு அவற்றைப் பிரித்து அனுப்பும் வசதியைச் சிப்புக்குள்ளேயே வைத்தது. விளையாட்டும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும் என்பதால், பந்தய விளையாட்டு வாங்குமுன் அதன் அமைப்புகளில் மூன்று திரைக்கென்று தனித் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிக்சல் கணக்கு எளியது. 1920×1080 மானிட்டர் மூன்று என்றால் 62 லட்சம் பிக்சல். ஒரு 4கே திரையின் முக்கால் பங்கு. 2560×1440 மூன்று என்றால் 1 கோடியே 10 லட்சம்; 4கேயைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். நொடிக்கு 60 தடவை வரைந்தால் 66 கோடி பிக்சல். கார்டு விமர்சனங்களில் 4கேக்குக் கொடுத்திருக்கும் வேகத்தை எடுத்துக்கொண்டு இந்த விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ பார்த்தால், உங்கள் மூன்று திரையில் என்ன கிடைக்கும் என்பது ஓரளவு பிடிபடும்.

ஒரு காலத்தில் இதற்கு இரண்டு கார்டு தேவைப்பட்டது. 2002-இலேயே மேட்ராக்ஸின் பர்ஹீலியா மூன்று திரையில் விளையாட்டைக் காட்டியது, ஆனால் வேகம் போதவில்லை. 2009-இல் ஏஎம்டி தன் ரேடியான் எச்டி 5870 உடன், ஒரே கார்டில் பல மானிட்டரைச் சேர்த்து ஓட்டும் ஐஃபினிட்டியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு என்விடியா அதே வேலைக்குத் தன் சரவுண்டைக் கொடுத்தபோது இரண்டு கார்டு சேர்த்துப் போட வேண்டியிருந்தது. 2012-இன் ஜிடிஎக்ஸ் 680 தனியாகவே நான்கு மானிட்டரை ஓட்டியது. இன்று இரட்டைக் கார்டு யோசனையை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், அந்த வழக்கம் முடிந்துவிட்டது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. விளையாடவே இல்லை, மூன்று மானிட்டரிலும் வெறும் டெஸ்க்டாப். அப்போதும் சில கார்டுகள் நிறைய மின்சாரம் இழுக்கும். 2022 டிசம்பரில் ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் வந்த புதிதில், பல மானிட்டர் இணைத்துச் சும்மா விட்டாலே 100 வாட்டை ஒட்டிப் போனது பரவலாக அளக்கப்பட்டது. ஏஎம்டி அதைத் தெரிந்த குறையாக ஒப்புக்கொண்டு, பிறகு டிரைவர் மேம்பாடுகளில் படிப்படியாகக் குறைத்தது.

ஏன் அப்படி? மானிட்டருக்குப் படம் மேலிருந்து கீழாக வரிவரியாக அனுப்பப்படுகிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. வழக்கமான 1080 வரி அலைவடிவத்தில் உண்மையில் 1125 வரிக்கான நேரம் இருக்கிறது; படம் முடிந்தபின் 45 வரிக்கு எதுவும் அனுப்பாமல் ஓர் இடைவெளி. அது முக்கால் மில்லிநொடிகூட இல்லை. கார்டின் நினைவகம் தன் வேகத்தைக் குறைத்து ஓய்வெடுக்க வேண்டுமென்றால் அந்த இடைவெளிக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். படம் போய்க்கொண்டிருக்கும்போது மாற்றினால் திரை ஒரு கணம் சிமிட்டும். ஒரு மானிட்டர் மட்டும் இருந்தால் இடைவெளி நொடிக்கு 60 முறை தவறாமல் வருகிறது. இரண்டு மானிட்டர் வெவ்வேறு தாளத்தில் ஓடினால், அதாவது ஒன்று 144, இன்னொன்று 60 ஹெர்ட்ஸ் என்றால், இரண்டும் ஒரே சமயத்தில் ஓய்ந்திருக்கும் கணத்தை நம்பி வேகத்தை மாற்ற முடியாது. அதனால் நினைவகம் முழு வேகத்திலேயே விழித்திருக்கிறது. ஒரே மாடல் மூன்று மானிட்டரை ஒரே ஹெர்ட்ஸில் வைத்தால் பல கார்டுகளால் மூன்றின் தாளத்தையும் சேர்த்துக்கொள்ள முடியும்; வீண் செலவு சட்டென்று விழும்.

இந்த வீண் செலவு 80 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் எட்டு மணி நேரம் கணினி ஓடினால் இரண்டு மாதத்தில் 38 யூனிட். தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கு 2016 முதல் கிடைக்கும் 100 யூனிட் இலவசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஒரு படம்கூட நகராமல் போய்விடுகிறது. நானாக இருந்தால் கார்டு வாங்கும் முன்னால் மூன்று மானிட்டரும் ஒரே மாதிரி வாங்கப் பணம் சேர்ப்பேன்.

அடுத்து, ஏற்றத்தின் கதை. 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்தபோது, போதுமான வாட் உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டவர்களின் கணினிகளும் விளையாட்டின் நடுவே பொசுக்கென்று அணைந்தன. 350 வாட் என்று எழுதியிருந்த 3090 ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்கு அதைவிட வெகுவாக மேலே எகிறியது. வாட் மீட்டரில் அது தெரியாது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றுக்குத் தெரியும். அது ‘எங்கோ ஷார்ட்’ என்று முடிவுசெய்து துண்டித்துவிடும். 2022 பிப்ரவரியில் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதற்குப் பதில் சொன்னது: புதிய வகை எஸ்எம்பிஎஸ் 100 மைக்ரோநொடிக்குத் தன் அளவைப்போல இரண்டு மடங்கு வரை தாங்க வேண்டும். அட்டைப்பெட்டியில் வாட்டைப் பார்க்கும் கண் இந்த 3.0 அல்லது 3.1 என்ற எண்ணையும் பார்க்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் என்ற அந்தப் பெட்டிக்குள் நடப்பதும் அழகானது. வரும் 230 வோல்ட்டை முதலில் 380 வோல்ட் நேர்மின்சாரமாக்கி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிரப்புகிறது. பிறகு அதை நொடிக்கு லட்சம் தடவை என்ற அளவில் வெட்டி வெட்டி, கைக்குள் அடங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 12 வோல்ட்டாக இறக்குகிறது. 50 ஹெர்ட்ஸிலேயே இறக்கினால் பல கிலோ இரும்பு வேண்டியிருக்கும். 1971-இல் தைவானில் டிவிக்கான சுருள்கள் செய்யத் தொடங்கி, இந்த வெட்டி இறக்கும் தொழில்நுட்பத்தில் உலக முன்னணிக்கு வந்த டெல்டா எலெக்ட்ரானிக்ஸுக்கு, கிருஷ்ணகிரியை ஒட்டிய குருபரப்பள்ளியில் தொழிற்சாலை இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூருவில் ஏஎம்டி தன் மிகப் பெரிய வடிவமைப்பு மையத்தை 2023 நவம்பரில் திறந்தது. கிருஷ்ணகிரி–பெங்களூரு சாலையின் இரு முனைகளிலும் மின்சாரத்தை இறக்கும் வித்தையும் அதை வாங்கிப் படமாக்கும் வித்தையும் தெரிந்தவர்கள் வேலை செய்கிறார்கள். இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கெப்பாசிட்டரைக் கொஞ்சம் கணக்குப் போடலாம். 470 மைக்ரோஃபாரட் என்று கொள்வோம். 380 வோல்ட்டிலிருந்து 300 வோல்ட் வரை வடியும்போது அது கொடுப்பது ஏறக்குறைய 13 ஜூல். கணினி 500 வாட் கேட்டால், இழப்பையும் சேர்த்து, இது 23 மில்லிநொடிக்குப் போதும். அதாவது சுவரில் கரண்டு போனபின் உங்கள் விளையாட்டு உயிரோடு இருப்பது அவ்வளவு நேரம்தான். மலிவான பெட்டிகளில் கெப்பாசிட்டர் சிறியது, அந்த நேரமும் சிறியது. பக்கத்தில் பெரிய மோட்டார் நேரடியாகக் கிளம்பும்போது வழக்கத்தைப்போல ஐந்தாறு மடங்கு கரண்டு இழுக்கும். விளக்கு ஒரு கணம் மங்கும். அந்த ஒரு கணத்தைக் கடக்க வைப்பது இந்தக் கெப்பாசிட்டர்தான். நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்றுக்கொள்வதால் தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை.

வீட்டு இன்வெர்ட்டரும் இந்த ஓட்டத்தில் ஓர் ஆள். பல இன்வெர்ட்டர்களில் ஒரு சிறு சுவிட்ச் உண்டு, ஒருபக்கம் ‘யுபிஎஸ்’, மறுபக்கம் ‘நார்மல்’. நார்மலில் மாறும் நேரம் நீளம். மின்விசிறிக்கு அது பொருட்டில்லை, நம் 23 மில்லிநொடிக்குள் அது அடங்காது. யுபிஎஸ் பக்கம் தள்ளினால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் மாறிவிடும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாகவும் இருக்க வேண்டும். சதுர அலையைக் கண்டு நல்ல எஸ்எம்பிஎஸ்களே சில சமயம் குழம்பி அணைகின்றன. மானிட்டர்கள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் எடுப்பதில்லை, அவற்றுக்குத் தனி பிளக். ஆனால் இன்வெர்ட்டரின் கணக்கில் அவையும் வரும்: ஒன்றுக்கு 25 முதல் 30 வாட்.

ஆக, எத்தனை வாட்? ஆர்டிஎக்ஸ் 4070 கார்டின் அளவு 200 வாட். என்விடியா பரிந்துரைக்கும் எஸ்எம்பிஎஸ் 650. மீதி 450 எதற்கு என்று தோன்றும். பிராசஸருக்கு நூறு, நூற்றைம்பது, மற்றவற்றுக்கு ஐம்பது. எஞ்சியது எகிறும் கணங்களுக்கு. பாதிச் சுமையை ஒட்டி ஓடும்போது எஸ்எம்பிஎஸ் தன் உச்சத் திறனில் இருக்கும், விசிறியும் அடங்கும். 1920×1080 மூன்றுக்கு இந்த வகைக் கார்டும் தங்கத் தரச் சான்று பெற்ற 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் போதும். 1000 வாட் தேவைப்படுவது 2025-இல் வந்த 575 வாட் ஆர்டிஎக்ஸ் 5090 போன்றவற்றுக்குத்தான்.

அந்தப் பெரிய கார்டுகளின் 12 ஊசிக் கனெக்டரில் கவனம் வேண்டும். 600 வாட் 12 வோல்ட்டில் போனால் 50 ஆம்பியர், ஆறு கம்பிக்கு 8.3 வீதம். ஊசியின் தாங்குதிறன் 9.5. இடைவெளி மிகக் குறைவு. முழுதாக அழுத்தாமல் விட்டால் சில ஊசிகள் சரியாகத் தொடாது, மற்றவை கூடுதலாகச் சுமக்கும், வெப்பம் கரண்டின் வர்க்கத்தில் ஏறும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்ததும் உருகிய கனெக்டர் படங்கள் பரவியது இதனால்தான். இடைவெளி தெரியாதவரை அழுத்துங்கள். வாயிலிருந்து மூன்றரை செ.மீ. தூரத்துக்குக் கேபிளை மடக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் எர்த். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் உடலுக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு, இரைச்சலை எர்த்துக்கு அனுப்ப. எர்த் இல்லையென்றால் உடல் இரண்டுக்கும் நடுவில், 115 வோல்ட்டில் மிதக்கும். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்பது அதுதான். மூன்று மானிட்டர், மூன்று பிளக், வெவ்வேறு சுவர் என்றால், எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும் கணத்தில் அவற்றுக்கிடையே உள்ள வோல்ட் வித்தியாசம் கார்டின் வாய் வழியாகப் பாய்ந்து அதைக் கருக்கிவிடவும் கூடும். கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட் பூமி. பாறை மேல் மெல்லிய மண், கோடையில் காய்ந்தால் எர்த் பிட்டின் தடை ஏறும். கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்வது அதற்காகத்தான். எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்: பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட். இரண்டாவது எண் பத்து, இருபது என்று ஏறினால், கார்டுக்கு வைத்த பணத்தில் கொஞ்சத்தை முதலில் வயரிங்குக்கும் எர்த் பிட்டுக்கும் எடுத்து வையுங்கள். கணினியையும் மூன்று மானிட்டரையும் ஒரே மூன்று ஊசி எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிவிடுங்கள்.