நுரையீரல் புற்றுநோய் உடலில் பரவுவது எப்படி?



"முதுகுவலி என்று வந்தவருக்கு நெஞ்சில் எதற்கு எக்ஸ்ரே?" நோயாளிகளின் வீட்டார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நுரையீரலில் உண்டாகும் புற்றுநோய் சிலருக்கு வேறோர் உறுப்பில்தான் முதலில் தெரியவருகிறது. அதன் காரணத்தை இங்கே விளக்குகிறோம்.

கட்டியிலிருந்து பிரியும் புற்றுச் செல்கள் முக்கியமாக இரண்டு வழிகளில் பயணம் செய்கின்றன. முதலாவது வழி நிணநீர்க் குழாய்கள். இவற்றின் மூலம் அவை மார்பின் நடுவிலுள்ள நிணநீர் முடிச்சுகளை அடைகின்றன. சிலருக்குக் காறையெலும்பின் மேல்புறம் நெறி கட்டும். குரல்வளைக்குப் போகும் நரம்பு அழுத்தப்பட்டால் குரல் கம்மிவிடும்.

இரண்டாவது வழி இரத்தம். உடலெங்கும் சுற்றித் திரும்பும் இரத்தம் இருதயத்தின் வலது பக்கம் வந்து, நுரையீரலின் நுண்ணிய குழாய்களைக் கடந்த பின்னரே மறுபடியும் உடலுக்குச் செல்கிறது. ஆகவே பிற உறுப்புகளின் புற்றுச் செல்கள் பல அந்தக் குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன. நுரையீரலில் தோன்றிய செல்களுக்கோ இந்தத் தடை இல்லை. அவை நேரே இருதயத்தின் இடது பக்கம் போய், அங்கிருந்து மூளை முதல் கால் வரை எங்கும் செலுத்தப்படுகின்றன.

சென்ற இடமெல்லாம் அவை முளைப்பதில்லை. 1889 இல் ஸ்டீபன் பேஜட் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரைப் பற்றிய குறிப்புகளை ஆராய்ந்து, புற்றுச் செல்லை விதைக்கும் உறுப்பை நிலத்துக்கும் ஒப்பிட்டார். விதைக்கிறவன் உவமையை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். நுரையீரல் புற்றுநோய்க்கு வாய்ப்பான நிலங்கள் மூளை, எலும்பு, கல்லீரல், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி, மறுபக்க நுரையீரல் ஆகியவை.

மூளையில் வளர்ந்தாலும் அது நுரையீரல் புற்றுநோயே. எனவே மூலக்கட்டி எது என்று கண்டறிந்தே மருந்தைத் தேர்ந்தெடுக்கிறோம்.

பரவிய நோயை முற்றிலும் குணமாக்குவது அரிது. ஆனாலும் கைவிட வேண்டியதில்லை. 2002 இல் ஜப்பானில் முதலில் அனுமதிக்கப்பட்ட ஜெஃபிட்டினிப் மாத்திரையும், அதன்பின் வந்த மருந்துகளும், குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு நோயை நெடுநாள் அடக்கி வைக்கின்றன. எலும்பு வலிக்கு ஒரே முறை கொடுக்கும் கதிர்வீச்சுகூடப் பலருக்கு ஆறுதல் தருகிறது.

நோயுற்றோரின் வீடுகளைச் சந்திக்கும் சபையாருக்கு ஒரு வார்த்தை. மூன்று வாரமாக நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், இரவிலும் விடாத முதுகுவலி, புதிதாகத் தோன்றிய தலைவலி அல்லது வலிப்பு ஆகியவற்றை அசட்டை செய்ய விடாதீர்கள். புகைபிடிக்காதவருக்கும் இந்நோய் வரக்கூடும். முதுகுவலியோடு கால்கள் தளர்ந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். தண்டுவடம் அழுத்தப்படும்போது ஒரு நாள் தாமதமும் நடக்கும் திறனைப் பறித்துவிடக்கூடும்.